பாலியல் கல்வி: முதல் பாடம் பெற்றோருக்கு!

*வீடு பள்ளியைக் கைகாட்டுகிறது. பள்ளி வீட்டைக் கைகாட்டுகிறது. நடுவில் நிற்கும் பிள்ளைக்கு செல்போன் பாடம் நடத்துகிறது!*

2025 ஏப்ரல். கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி. வகுப்பறைக்குள் ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. வெளியே படிக்கட்டில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தனியாக உட்கார்ந்து பரீட்சை எழுதுகிறாள். அவள் வயதுக்கு வந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன. மகளைப் பார்க்க வந்த அம்மா திகைத்துப் போய், செல்போனில் அதைப் படம் பிடிக்கிறார்.

அந்தக் காணொளி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பள்ளியின் முதல்வர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மாணவி பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் வழக்குப் பதிவானது. ‘தனியாக உட்கார வைக்கச் சொல்லி வீட்டிலிருந்துதான் கேட்டார்கள்’ என்று பள்ளித் தரப்பில் சொல்லப்பட்டது. தனி இடம் கேட்டால் படிக்கட்டில் உட்கார வைப்பதா என்பது குடும்பத்தின் கேள்வி.

யார் மீது எவ்வளவு தவறு என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். நாம் பார்க்க வேண்டியது வேறொன்று. மாநிலப் பாடத்திட்டத்தின் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. பருவ வயதில் உடம்பில் வரும் மாற்றம், ஹார்மோன்கள், மாதவிடாய், அந்த நாள்களில் காக்க வேண்டிய சுத்தம் என எல்லாம் அச்சாகி, ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பைகளில் ஏறி வீட்டுக்குப் போகிறது. பாடம் போகிறது, பேச்சு போகவில்லை. பள்ளியும் அதை வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்வதில்லை. வீடும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

பள்ளியில் பாலியல் கல்வி வேண்டுமா, வேண்டாமா என்று 20 ஆண்டுகளாகப் பட்டிமன்றம் நடத்திவருகிறோம். அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தக் கல்வியில் பெற்றோரின் இடம் எது?

‘அதெல்லாம் அவங்க சொல்லுவாங்க!’

பெண் பிள்ளை பெரியவளானால் தாய்மாமன் சீர், தட்டு வரிசை, மண்டபம், முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் என்று ஊரையே கூட்டிச் சொல்கிற சமூகம் நம்முடையது. ஆனால் அந்தப் பிள்ளையிடம், உடம்பில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொல்ல பல வீடுகளில் ஆளிருக்காது. ‘இனிமே பசங்களோட விளையாடப் போகாதே’ என்பதோடு அறிவுரை முடிந்துவிடும்.

ஆண் பிள்ளைக்கு அதுவும் கிடையாது. குரல் உடைவதும் தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் இயல்பு என்று எந்த அப்பாவும் மகனிடம் சொல்வதில்லை. ஏதோ நோய் வந்துவிட்டது என்று உள்ளுக்குள் புழுங்கி, சுவர் விளம்பரம் பார்த்து, லாட்ஜில் அறையெடுத்து வைத்தியம் பார்ப்பவர்களிடம் பணத்தைக் கொட்டிய தலைமுறைகள் இங்கே உண்டு.

பள்ளியின் கதை என்ன? மகரந்தச் சேர்க்கையைப் படம் போட்டு விளக்கும் ஆசிரியர், மனித இனப்பெருக்கம் வந்ததும் ‘இதை வீட்டுல படிச்சுக்கோங்க’ என்று பக்கத்தைப் புரட்டியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அவரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. ஒரு வார்த்தை கூடக் குறைய ஆகி, மறுநாள் யாராவது ஒரு அப்பா பள்ளி வாசலில் வந்து சத்தம் போட்டால், நிர்வாகம் தன் பக்கம் நிற்காது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே, பெற்றோருக்குப் பயந்து அவர் பேசுவதில்லை. பள்ளி பேசும் என்று நம்பிப் பெற்றோரும் பேசுவதில்லை.

இந்த வெற்றிடம் காலியாகவே இருக்கவில்லை. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது ஆன்லைன் வகுப்புக்காக, கடன் வாங்கியாவது பிள்ளைகளுக்கு செல்போன் வாங்கிக் கொடுத்தோம். வகுப்பு முடிந்தது, போன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. ஆபாசப் படங்கள் நடத்தும் பாடத்தில் சம்மதம் கேட்பதும் கிடையாது, மறுப்பை மதிப்பதும் கிடையாது. ‘எங்க பையனுக்கு இதெல்லாம் தெரியாது’ என்று நம்பும் பெற்றோர்தான் இந்த வீட்டின் கடைசி அப்பாவிகள்.

2007: கற்றுக்கொள்ளாத பாடம்

2005-ல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. எச்.ஐ.வி பரவலைத் தடுப்பது முக்கிய நோக்கம். ஆசிரியர்களுக்கான கையேட்டில் இருந்த படங்களும் சொற்களும் 2007-ல் பெரும் சர்ச்சையாயின. மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகா உள்ளிட்ட மாநிலங்கள் திட்டத்துக்குக் கதவைச் சாத்தின. 2009-ல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்று பரிந்துரைத்தது.

அந்தச் சர்ச்சையில் கட்சிகள் பேசின, அமைப்புகள் பேசின, அமைச்சர்கள் பேசினார்கள். ‘எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், படித்துப் பார்த்தோம், இதை மாற்றுங்கள், அது இருக்கட்டும்’ என்று சொல்லக்கூடிய பெற்றோர் கூட்டம் மட்டும் எங்கும் இல்லை. அப்படி ஒரு கூட்டத்தை யாரும் உருவாக்கியிருக்கவில்லை.

அதே காலத்தில் ஜார்க்கண்டில் நடந்தது வேறு கதை. வளரிளம் பருவக் கல்விக்காக 2006-ல் அங்கே தொடங்கிய ‘உடான்’ திட்டம் அந்தப் புயலிலும் சாயவில்லை. மாநிலக் கல்வித் துறையே முன்னால் நின்றது. பாடத்தை ஊருக்கும் மொழிக்கும் ஏற்றபடி திருத்தினார்கள். உள்ளூர் மக்களின் ஆதரவைத் தேடிக்கொண்டார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் குழந்தைகள் ஆபாசப் பட வழக்கில் உச்ச நீதிமன்றம் முழுமையான பாலியல் கல்வியின் தேவையை வலியுறுத்தியபோது, உடானை நல்ல எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டது. அந்த வழக்கு புறப்பட்ட இடம் சென்னை என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம்.

பெற்றோரைக் கடைசியில் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்திலும் சாட்சி இருக்கிறது. 2019-ல் பர்மிங்ஹாம் நகரில், பல வகைக் குடும்பங்களைப் பற்றித் தொடக்கப் பள்ளியில் நடந்த பாடங்களை எதிர்த்துப் பெற்றோர் பல மாதங்கள் வாசலில் போராடினார்கள். ஒரு பள்ளி பாடத்தை நிறுத்திவைத்துப் பெற்றோரோடு பேசி, திருத்திய வடிவில் மறுபடி தொடங்கியது. இன்னொரு பள்ளி விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், பள்ளி வாசலில் போராடத் தடை வந்தது. பேசியிருந்தால் எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் குழந்தைகள் தினமும் கோஷங்களைத் தாண்டி வகுப்புக்குப் போகும் நிலை வந்திருக்காது.

பெட்டி: 20 ஆண்டுகள், ஒரு பார்வை

• 2005 – வளரிளம் பருவக் கல்வித் திட்டம் தொடக்கம்.

• 2007 – பல மாநிலங்களில் எதிர்ப்பு, தடை. அதே ஆண்டில் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வு வெளியானது. பதில் சொன்ன 12,447 குழந்தைகளில் 53 சதவீதத்தினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறியிருந்தார்கள்.

• 2012 – பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம். இதன் 43-வது பிரிவு, சட்டத்தைப் பற்றிக் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் தொடர்ந்து எடுத்துச் சொல்லும் பொறுப்பை மத்திய, மாநில அரசுகளிடம் ஒப்படைக்கிறது.

• 2020 – ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலவாழ்வுத் திட்டம். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் பயிற்சி பெற்று, இனப்பெருக்க நலம், பாதுகாப்பான இணையப் பயன்பாடு உள்ளிட்ட 11 தலைப்புகளில் வகுப்பெடுக்க வேண்டும். அதே ஆண்டின் போக்சோ விதிகள், வயதுக்கேற்ற பாதுகாப்புப் பாடங்களை அரசுகள் தயாரிக்கச் சொல்கின்றன.

• 2025 அக்டோபர் – பாலியல் கல்வியை ஒன்பதாம் வகுப்பில் தொடங்குவது தாமதம், இன்னும் சிறு வயதிலேயே தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது.

நாலு பயங்கள்

பெற்றோர் கேட்பதையெல்லாம் ‘பழைய பஞ்சாங்கம்’ என்று தள்ளிவிடுவது தவறு. ஒவ்வொரு பயத்துக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்வது பள்ளியின் வேலை.

முதல் பயம்: ‘தெரியாததைச் சொல்லிக்கொடுத்துக் கெடுத்துடுவாங்க.’ இதற்கு உலக அளவில் பதில் இருக்கிறது. யுனெஸ்கோ 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, 22 முறையான ஆய்வுத் தொகுப்புகளையும் 77 பரிசோதனை ஆய்வுகளையும் அலசிய மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டது. பாலியல் கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே உடலுறவில் ஈடுபடுவதில்லை. ஆபத்தான நடத்தையும் கூடுவதில்லை என்பதே அதன் முடிவு. அறிவும் எச்சரிக்கையும்தான் கூடுகின்றன. பள்ளிப் பாடத்தோடு பெற்றோரும் ஊரும் சேரும்போது பலன் இன்னும் அதிகம் என்றும் அந்த வழிகாட்டி சொல்கிறது.

இரண்டாவது பயம்: ‘இந்த வயசுலயேவா?’ பாலியல் கல்வி என்றதும் பெற்றோர் மனதில் எழும் படம் ஒன்று. முதல் வகுப்புப் பிள்ளைக்கு நடக்க வேண்டிய பாடம் வேறு. உடல் உறுப்புகளின் பெயர், யாரும் தொடக்கூடாத இடங்கள், பிடிக்காவிட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம் என்ற உரிமை, ரகசியமாக வைக்கச் சொன்னால் உடனே சொல்ல வேண்டிய மூன்று பெரியவர்கள் யார் என்பது. ஆறு வயதுக்கு இவ்வளவுதான். புத்தகத்தைப் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டால் இந்தப் பயத்தில் பாதி அன்றே தீரும்.

மூன்றாவது பயம்: ‘யார் சொல்லிக்கொடுக்கறது?’ இது மிக நியாயமான பயம். 2021 மே மாதம் சென்னையின் பிரபல பள்ளி ஒன்றின் ஆசிரியர் மீது முன்னாள் மாணவிகள் அடுக்கிய புகார்களும், அவர் கைதானதும் இன்னும் மறக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கோவையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி உயிரை மாய்த்துக்கொண்டபோது, முன்பு படித்த பள்ளியின் ஆசிரியரும், புகார் தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று பள்ளி முதல்வரும் கைதானார்கள். 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி முகாம் நடத்திச் சிறுமிகளிடம் அத்துமீறிய வழக்கில், போலீசுக்குச் சொல்லாமல் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் பிடிபட்டார்கள்.

இப்படிப்பட்ட ஊரில், ‘எங்களை நம்பிப் பிள்ளையை அனுப்புங்கள், பாலியல் பற்றி நாங்கள் பேசிக்கொள்கிறோம்’ என்று பள்ளி சொன்னால் பெற்றோர் எப்படி ஒப்புவார்கள்? பாடம் நடத்துவது யார், என்ன பயிற்சி பெற்றவர், வகுப்பில் கூட இருப்பது யார், புகார் என்றால் யாரிடம் போவது என்று பெற்றோர் கேட்டே ஆக வேண்டும். அந்தக் கேள்வி பாடத்துக்கு எதிரானதல்ல, பாடத்துக்குக் காவல்.

நான்காவது பயம்: ‘எங்க மதம், எங்க குடும்ப வழக்கம் என்ன ஆகறது?’ இங்கே வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். கரு எப்படி உருவாகிறது, நோய் எப்படித் தொற்றுகிறது, சட்டம் என்ன சொல்கிறது என்ற உண்மைகள் எல்லா வீட்டுக்கும் பொது. அவற்றைப் பள்ளி சொல்லட்டும். காதல், கல்யாணம், ஒழுக்கம், நம்பிக்கை பற்றி அவரவர் குடும்பம் எதை மதிக்கிறது என்பதைப் பெற்றோர் சொல்லட்டும். பள்ளியில் கேட்டதை வீட்டில் பேசும் பிள்ளை, இரண்டையும் சேர்த்துப் பார்த்துத் தானாக யோசிக்கும்.

வீட்டுக்குள்ளேயே ஆபத்து இருந்தால்?

இதுவரை சொன்னது பெற்றோருக்கு ஆதரவான வாதம். இனி சொல்வது சற்றுக் கசக்கும்.

மத்திய அமைச்சகத்தின் 2007 ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. துன்புறுத்தியவர்களில் சுமார் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது குழந்தையின் நம்பிக்கைக்கு உரியவர்கள். காவல்துறையில் பதிவாகும் போக்சோ பாலியல் வன்புணர்வு வழக்குகளைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் பார்த்தால், 100-ல் 90-க்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு அறிமுகமானவர். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன், டியூஷன் ஆசிரியர், சில வழக்குகளில் பெற்ற அப்பாவே.

அப்படிப்பட்ட வீட்டில் வளரும் குழந்தைக்கு, ‘உன் மேல் தவறில்லை, வெளியே சொல்லலாம்’ என்று சொல்லும் ஒரே இடம் வகுப்பறையாக இருக்கக்கூடும். அந்த வாசலையும் பெற்றோரின் கையெழுத்து இருந்தால்தான் திறப்போம் என்று சொன்னால், குற்றவாளியிடமே அனுமதி கேட்டது போலாகிவிடும். வீட்டில் கெட்டவர் இல்லாவிட்டாலும் சிக்கல் தீராது. ‘குடும்ப மானம் போயிடும், யார்கிட்டயும் சொல்லாதே’ என்று பிள்ளையின் வாயைப் பொத்தும் பெரியவர்கள் பலர், பிள்ளைக்கு நல்லது செய்வதாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

போக்சோ 19-வது பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்த எவரும் போலீசிடமோ சிறார் காவல் பிரிவிடமோ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. இது பள்ளி முதல்வருக்கும் பொருந்தும், பெற்றோருக்கும் பொருந்தும்.

ஆகவே கோடு எங்கே என்பதில் குழப்பம் வேண்டாம். பாடத்தை முன்கூட்டியே பார்க்கவும், கேள்வி கேட்கவும், திருத்தம் சொல்லவும், ஆசிரியரைப் பற்றி விசாரிக்கவும் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. தன் உடம்பைப் பற்றியும் தன் பாதுகாப்பைப் பற்றியும் பிள்ளை தெரிந்துகொள்வதைத் தடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

பெட்டி: வெளியே எப்படி?

• இங்கிலாந்து: 2020 முதல் உறவுகள் பற்றிய கல்வி எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும், உறவுகள்–பாலியல் கல்வி எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும் கட்டாயம். கொள்கையை வகுக்கும்போது பள்ளி பெற்றோரைக் கலந்து பேச வேண்டும். பாலியல் பாடத்திலிருந்து மட்டும் பிள்ளையை விலக்கிவைக்கப் பெற்றோர் கேட்கலாம். 16 வயது நிறைவதற்கு மூன்று பள்ளிப் பருவங்களுக்கு முன்பிருந்து, பாடம் வேண்டும் என்று பிள்ளையே முடிவெடுக்கலாம். உறவுகள், பாதுகாப்பு, அறிவியல் பாடங்களிலிருந்து விலக்கு இல்லை.

• வேல்ஸ்: 2022-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் விலக்கும் உரிமையே கிடையாது. எதிர்த்து வழக்குத் தொடுத்த பெற்றோருக்குத் தோல்வி.

• நியூசிலாந்து: 2020 கல்விச் சட்டப்படி, நலவாழ்வுப் பாடத்தை எப்படி நடத்துவது என்று பள்ளி நிர்வாகக் குழு குறிப்பிட்ட கால இடைவெளியில் ஊராரைக் கலந்து பேச வேண்டும். விலக்கு வேண்டும் பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம்.

• சிங்கப்பூர்: தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்பிலிருந்து பாலியல் கல்வி. என்ன பாடம், எப்போது என்று பெற்றோருக்கு முன்கூட்டியே தகவல் போகும். விருப்பமில்லாதவர்கள் படிவம் கொடுத்து விலகலாம். அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த நடைமுறை பழகிய ஒன்று.

பையனைப் பெற்றவர்களே, கவனியுங்கள்!

மாதவிடாய் பற்றிப் பேசப் பெண் பிள்ளைகளின் அம்மாக்களை மட்டும் கூப்பிட்டு, நாப்கின் கொடுத்து அனுப்பிவிடும் கூட்டங்கள் நிறைய நடந்திருக்கின்றன. அதில் விடுபட்டவர்கள், ஆண் பிள்ளையைப் பெற்றவர்கள். தெரியாமையின் விலையை இன்று நீதிமன்ற வாசலில் கட்டிக்கொண்டிருப்பவர்களில் அவர்கள் நிறையப் பேர்.

2012 வரை, உடலுறவுக்குச் சட்டம் ஒப்புக்கொண்ட சம்மத வயது 16. போக்சோ அதை 18 ஆக்கியது. 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் காதலித்து வீட்டைவிட்டுப் போனால், பெண் தன் விருப்பத்தோடு போனதாகச் சொன்னாலும் சட்டத்தின் முன் அந்தச் சம்மதம் செல்லாது. பையன் மீது பாயும் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. பெண் வீட்டார் கோபத்தில் கொடுக்கும் ஒரு புகாரில் பையனின் படிப்பு, வேலை, குடும்பத்தின் சேமிப்பு எல்லாம் கரைந்துபோகின்றன.

சென்னை உயர் நீதிமன்றமே இதைப் பார்த்துக் கவலைப்பட்டது. 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் சம்மத உறவைத் தனியாகப் பார்க்கலாமே என்று 2019-ல் யோசனை சொன்னது. 2021-ல் இப்படி ஒரு வழக்கை ரத்து செய்தபோது, வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சுட்டிக்காட்டியது. 2022 டிசம்பரில், இவ்வகை வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார். ஆனாலும் சட்டம் மாறவில்லை. இதை 15 வயதுப் பையனுக்கும் அவன் அப்பாவுக்கும் ஒரே நாளில், ஒரே அறையில் எடுத்துச் சொல்ல வேண்டியது பள்ளியின் கடமை.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. பதின்வயதுப் பெண் கருவுற்றால், ‘ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும்’ என்ற பயத்தில் நாட்டு மருந்தையும் போலி மருத்துவரையும் தேடிப்போகும் குடும்பங்கள் உண்டு. அங்கே போவது பெண்ணின் உயிர். மைனர் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்பு தொடர்பான தகவலில் அவளுடைய அடையாளத்தை மருத்துவர் போலீசுக்கு வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்?

காதல் என்ற பேச்சு காதில் விழுந்ததுமே பள்ளியை நிறுத்திக் கல்யாணம் செய்துவைப்பது இன்னொரு ‘தீர்வு’. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே மணம் முடித்தவர்கள். இந்திய சராசரி 23.3 சதவீதம். நாம் பரவாயில்லை என்று திருப்திப்பட இதில் ஒன்றுமில்லை. எட்டுப் பெண்களில் ஒருவர் என்பதுதான் இந்தக் கணக்கு. குழந்தைத் திருமணம் செய்துவைத்த பெற்றோரும் குற்றவாளிகளே.

கூட்டம் போடுவதென்றால்...

தமிழ்நாட்டில் புதிதாக ஓர் அமைப்பை உருவாக்க வேண்டிய அவசியமே இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். 2022-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் 20 உறுப்பினர்களோடு புதிதாக அமைக்கப்பட்டன, பெற்றோரே தலைவர். கட்டடம், கழிப்பறை, சத்துணவு பற்றிப் பேசும் அந்தக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாகச் சேர்த்தால் போதும். தனியார் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறது.

கூட்டம் பலன் தர வேண்டுமானால் சில நடைமுறைகள் தேவை. பாடம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பாவது, அந்த ஆண்டு பேசப்போகும் விஷயங்களை ஒரு பக்கத் தாளில் எளிய தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். வகுப்பில் காட்டப்போகும் படத்தையும் காணொளியையும் பெற்றோருக்கு முதலில் போட்டுக் காட்ட வேண்டும். ஒளித்துவைத்தால்தான் வதந்தி கிளம்பும். வார நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால், நூறு நாள் வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்கள் வர முடியாது. சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ வையுங்கள். ‘அம்மாக்கள் வரவும்’ என்று எழுதாமல், அப்பாக்களைப் பெயர் சொல்லி அழையுங்கள். பெற்றோர் வெளியூரில் இருக்க, தாத்தா பாட்டி வளர்க்கும் பிள்ளைகள் நிறைய. அந்தத் தாத்தா பாட்டிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோரோடு தனியாகப் பேசுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்தும் அதிகம், சொல்லிக்கொடுப்பதும் குறைவு.

சங்கடமான கேள்விகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னால், வாய் திறக்காத பெற்றோரும் கேட்பார்கள். பதில் சொல்ல ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோ கிராமச் செவிலியரோ பக்கத்தில் இருந்தால், ஆசிரியரின் பாரம் பாதியாகும். பாடம் முடிந்ததும் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து செய்யும் ஒரு சின்ன வீட்டுப்பாடம் கொடுக்கலாம். ‘உங்கள் காலத்தில் இதை யார் உங்களுக்குச் சொன்னார்கள்?’ என்று பிள்ளை கேட்டு எழுதி வரட்டும். அந்த ஒரு கேள்வியே பல வீடுகளில் முதல் பேச்சைத் தொடங்கிவைக்கும்.

பெட்டி: வீட்டில் என்ன பேசலாம்?

• 3 – 6 வயது: பிறப்புறுப்புகளுக்கும் சரியான பெயர் சொல்லுங்கள். குளிக்க வைக்கவும் மருத்துவம் பார்க்கவும் தவிர யாரும் அங்கே தொடக்கூடாது. பிடிக்காத முத்தத்தை உறவினரிடமும் மறுக்கலாம்.

• 7 – 9 வயது: ‘குழந்தை எங்கிருந்து வருது?’ என்று கேட்டால், சாமி கொடுத்தது என்று மழுப்ப வேண்டாம். ‘அம்மா வயித்துல கருப்பைன்னு ஒரு இடம் இருக்கு, அங்க வளரும்’ என்றால் போதும். கேட்டதற்கு மட்டும் பதில்.

• 10 – 12 வயது: மாதவிடாயும் விந்து வெளியேறுதலும் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டையும் மகளுக்கும் சொல்லுங்கள், மகனுக்கும் சொல்லுங்கள். நாப்கின் வாங்க மகனையும் கடைக்கு அனுப்பலாம்.

• 13 – 15 வயது: போனில் வரும் ஆபாசம், படம் அனுப்பச் சொல்லி மிரட்டல், ஈர்ப்பு, காதல் தோல்வி, சம்மதம். ‘எது நடந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லு, திட்ட மாட்டேன்’ என்று வாக்குக் கொடுங்கள், காப்பாற்றுங்கள்.

• 16 – 18 வயது: கருத்தடை, பால்வினை நோய்கள், 18 வயதுச் சட்டம், மறுப்பை ஏற்றுக்கொள்ளும் பக்குவம்.

உதவிக்கு: குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417.

அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்

உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, விதிகள் வந்துவிட்டன, பாடப் புத்தகத்தில் பக்கங்களும் இருக்கின்றன. பள்ளி பெற்றோரை அழைக்கவில்லை, பெற்றோர் பள்ளியைக் கேட்கவில்லை என்பதுதான் மிச்சமிருக்கும் தடை. அரசு செய்ய வேண்டியதும் பெரிய செலவில்லை. ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் இதற்கென ஒரு பெற்றோர் கூட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டும்; பாடம் நடத்தும் ஆசிரியரின் பின்னால் துறை நிற்கும் என்று எழுத்தில் உறுதி தர வேண்டும்.

அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள், அப்பாவும் போங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த ஆண்டு என் பிள்ளைக்கு உடம்பு, பாதுகாப்பு, உறவு பற்றி என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்? யார் சொல்லிக்கொடுப்பார், அவருக்கு என்ன பயிற்சி? பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், எத்தனை மணி நேரத்தில் எனக்குத் தகவல் வரும்? பதில் இல்லாவிட்டால், பதில் வரும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போடுவதோடு பெற்றோரின் வேலை முடிந்துவிடுவதில்லை.